ஆறு நாள் வாரம்

வயர்மேன் கூலி மட்டும் நூற்றைம்பது வெள்ளி கேட்டான்.
பெட்டியே நூற்றுப் பத்துதான்.
மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு
ஸ்குரூ டிரைவரோடு நானே நின்றேன்.
ஏணிகூட வேண்டாம், நெஞ்சுயரம்.

மூடிப்போன பல் கிளினிக் ஏலத்தில் எடுத்த ஏர்கோன் எங்களது.
அதன் பழைய சுவர்ப்பெட்டிக்குத் தெரிந்தது இரண்டு:
குளிர், கூடுதல் குளிர்.
கழற்றுமுன் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டேன்.
சிவப்புக் கம்பி, மஞ்சள் கம்பி, வெள்ளைக் கம்பி,
ஒவ்வொன்றின் கழுத்திலும் டேப் சுற்றிப் பேனாவால் எழுதினேன்.
பதினோரு வருஷம் கமுந்திங் கையுறைக் கிலாங்கில்
ஓவன் நூற்றுப் பத்தில் நிற்கிறதா,
நூற்றுப் பன்னிரண்டுக்குத் தாவுகிறதா என்று
கண்ணாடிக்குள் எண்களையே பார்த்துக் கிடந்தவள்.
ஒரு படுக்கையறைக்கா பயப்படுவேன்?

பயப்பட வைத்தது கையேடுதான். முழுக்கச் சீனம்.
வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்ட ஆ ஹுவா
ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் படித்துச் சொன்னாள்:
வெயில் விழும் சுவர் ஆகாது.
கதவுக்குப் பின்னால் ஆகாது.
அடுப்பு, விளக்கு பக்கத்தில் ஆகவே ஆகாது.
என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட
இத்தனை ஆகாது சொல்லவில்லை.

சாமி மேடையும் அதே சுவரில்.
முதல் நாள் விளக்கேற்றியதும்
பெட்டி முப்பத்து மூன்று என்றது.
அறையெல்லாம் நடுங்க, அது ஒன்றுக்கு மட்டும் புழுக்கம்.
கம்பியை நீட்டினால் சுவரை உடைக்கவேண்டும்.
முருகனுக்கு ஒரே ஆணி.
முருகன்தான் நகர்ந்தார்.

அதன்பிறகு அது கேட்கத் தொடங்கியது.
நாளைக்கு நாலே கேள்வி:
எழுவது எப்போது, கிளம்புவது எப்போது,
திரும்புவது எப்போது, தூங்குவது எப்போது.
"யாருக்கு?" என்றேன்.
ஆ ஹுவா பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.
அது எழுதியிருக்கவில்லை.

குணசீலன் விடியுமுன் அஞ்சுக்கு லோரி எடுப்பான்,
செம்பனைக் குலை ஏற்றி மில்லுக்கு மூன்று நடை.
நான் ஏழுக்கு உள்ளே போய் ஏழுக்கு வெளியே வருவேன்;
எந்த ஏழு என்பது கிலாங் பலகையில் இருக்கும்.
நாலு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு.
பெட்டியின் வாரத்துக்கு ஏழு நாள்.
என் வாரத்துக்கு ஆறு.

காலண்டரில் நீலமும் சிவப்புமாய் வட்டம் போட்டு
இரண்டு வாரமும் மறுபடி ஒரே நாளில் தொடங்குவது
எப்போது என்று எண்ணிப் பார்த்தேன்.
நாற்பத்திரண்டாவது நாள்.

அதுவரை?
இரவு ஷிப்ட் முடித்து நான் தூங்கும் நண்பகலில்
வீட்டில் யாருமில்லை என்று அது முடிவு கட்டிவிடும்.
தலையணை நனைந்து எழுவேன்.
நான் ஓவன் முன் நிற்கும் இரவிலோ
பாதி கட்டிலுக்கு மரியாதையாய்க் குளிர் அனுப்பும்.
மறு பாதியில் அவன்,
போர்வைமேல் போர்வை, மூக்கடைப்பு.
"உன் பெட்டி" என்பான், தொடமாட்டான்.

ஓரத்தில் ஒரு சின்னப் பட்டன் இருந்தது.
ஆ ஹுவா முதலில் "நிறுத்திவை" என்றாள்.
கொஞ்சம் யோசித்து,
"இல்லை, பிடித்துக்கொள்.
அட்டவணையை விடு, இந்த எண்ணைப் பிடித்துக்கொள்."
ராத்திரி சோறு போடும்போது
பேச்சுவாக்கில் அவனிடம் சொன்னேன்.
அவன் கருவாட்டு முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான்.

வியாழனோ வெள்ளியோ,
கிலாங் பஸ் பாகான் செராய் டவுனில் இறக்கிவிட,
தலைமுடியெல்லாம் பால் புளித்த வாசத்தோடு
ஏழே முக்காலுக்குக் கதவைத் திறந்தேன்.
அட்டவணைப்படி அது அணைந்திருக்க வேண்டிய நேரம்.
அறை இருபத்தைந்தில் இருந்தது.
அவனுடைய இரண்டு போர்வைகளும்
என் பக்கம் மடித்துக் கிடந்தன.
பட்டன்மேல் கறுப்பாய் ஒரு விரல்தடம்,
லோரி கிரீஸ்.

துடைக்கத் துணி எடுத்தேன்.
அதற்குள் தூக்கம் வந்துவிட்டது.